நுவரெலியா உறைபனியைத் தாங்கும் கோதுமையை உருவாக்க முடியுமா?

கந்தப்பளை விவசாயி:

அனைவருக்கும் வணக்கம். இந்த ஜனவரியிலும் எங்கள் பக்கம் உறைபனி அடித்துவிட்டது. பள்ளத்துப் பாத்திகளில் உருளைக்கிழங்கு இலைகள் ஒரே இரவில் கறுத்துப் போயின. சற்று மேட்டில் நின்ற லீக்ஸுக்கு எதுவும் ஆகவில்லை.

கனடாவில் மைனஸ் 20 பாகைக் குளிரிலும் வயலில் உயிரோடு கிடந்து, வசந்தம் வந்ததும் தழைக்கும் கோதுமை இருக்கிறது என்று வாசித்தேன். அந்தக் குளிருக்குப் பக்கத்தில்கூட நம் உறைபனி வராது. அப்படியானால் அந்தக் கோதுமையை இங்கே ஏன் விதைக்கக் கூடாது? இலங்கையில் வணிக அளவில் கோதுமை விளைவதே இல்லை. லயத்தில் காலையில் சுடுகிற ரொட்டிக்கான மா முழுவதும் கப்பலில் வந்த கோதுமையில் அரைத்ததுதான். 2022 இல் மா விலை ஏறியபோது தோட்டப்புற வீடுகள் என்ன பாடுபட்டன என்பதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு. குளிரைத் தாங்கும் மரபணுவைக் கோதுமையிலிருந்து எடுத்து உருளைக்கிழங்கில் வைக்க முடியுமா?

பேராதனை மாணவி:

அண்ணா, நான் விவசாய பீடத்தில் பயிர் மரபியல் படிக்கிறேன், வீடு லிந்துலையில். உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீங்கள் வாசித்தது குளிர்காலக் கோதுமை. 1977 இல் கனடாவில் வெளியிடப்பட்ட நோர்ஸ்டார் என்ற இனம் அதற்கு நல்ல உதாரணம். அது மைனஸ் 20 பாகையைத் தாங்குவது உண்மை. ஆனால் எந்த நாளிலும் எந்த வயதிலும் தாங்காது. இலையும் தூருமாகத் தரையோடு படிந்திருக்கும் பருவத்தில், அதுவும் பல வாரங்கள் பூச்சியத்துக்குச் சற்று மேலான குளிரில் இருந்து பழகிய பின்னரே தாங்கும்.

உறைபனி பயிரை எப்படிக் கொல்கிறது என்று பார்த்தால் இது புரியும். பெரும்பாலும் பனிக்கட்டி உயிரணுவுக்கு உள்ளே உருவாவதில்லை. உயிரணுக்களுக்கு இடையிலுள்ள நீர்தான் முதலில் உறைகிறது. அந்தப் பனிக்கட்டி உள்ளேயிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. உயிரணு வற்றிச் சுருங்கி, அதன் மென்சவ்வு கிழிந்துபோகிறது. அதனால்தான் வெயில் ஏறியதும் இலை வெந்ததுபோல் தொங்குகிறது. குளிருக்குப் பழகும் வாரங்களில் கோதுமை இதற்கெதிராகத் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்கிறது. சர்க்கரைகளைச் சேர்க்கிறது, மென்சவ்வின் கொழுப்புகளை மாற்றிக்கொள்கிறது, நீர் வற்றினாலும் உயிரணுவைக் காக்கும் புரதங்களை உண்டாக்குகிறது.

இந்த ஆயத்தத்தைத் தொடக்கிவைப்பவை சிபிஎஃப் எனப்படும் மரபணுக்கள். மரபணுக்களைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் ரொட்டிக் கோதுமையில் 42. மூன்று புல்லினங்களின் மரபுத்தொகுதிகள் ஒன்றாகச் சேர்ந்து உருவான பயிர் அது. 2018 இல் அதன் முழு மரபணு வரிசை வெளியானபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் தெரியவந்தன. அத்தனைக்குள்ளும் உறைபனித் தாங்குதிறனின் பெரும்பகுதி ஐந்தாம் நிறமூர்த்தத் தொகுதியின் நீண்ட கரத்தில் இருக்கிறது. ஹங்கேரியின் மார்டன்வாஷார் ஆய்வு நிலையத்தில், குளிர் தாங்காத ஓர் இனத்தின் 5ஏ நிறமூர்த்தத்தை (அந்த ஐந்தாம் தொகுதியில் ஒன்று) மட்டும் நீக்கி, செயென் என்ற குளிர்காலக் கோதுமையின் 5ஏ நிறமூர்த்தத்தை வைத்து உருவாக்கிய பயிரைச் சோதித்துப் பார்த்தார்கள். தாங்குதிறன் தெளிவாக உயர்ந்தது. அந்தக் கரத்தில் சிபிஎஃப் மரபணுக்கள் ஒன்றல்ல, ஒரு கூட்டமாகவே வரிசையில் இருக்கின்றன. சில இனங்களில் அவற்றில் சில இரட்டித்திருக்கின்றன, சில இனங்களில் கூட்டத்தின் ஒரு பகுதி அறுந்தே போயிருக்கிறது. பிரதிகள் கூடுதலாக உள்ள இனங்கள் பொதுவாகக் குளிரைக் கூடுதலாகத் தாங்குகின்றன.

இனித்தான் நம் மலைக்கு முக்கியமான பகுதி. அதே நிறமூர்த்தத்தில் விஆர்என்-1 என்ற இன்னொரு மரபணு இருக்கிறது. நீண்ட குளிரைக் கடந்தபின் கோதுமையைப் பூக்கச் சொல்வது அது. அது வேலை செய்யத் தொடங்கியதும் சிபிஎஃப் மரபணுக்களின் வேலை தணிந்துவிடுகிறது. பூக்கத் தீர்மானித்த கோதுமை தன் குளிர்க்காப்பைக் கைவிட்டுவிடுகிறது. கனடாவில் இதனால் இழப்பில்லை, ஏனென்றால் அதற்குள் அங்கே குளிர்காலம் முடிந்துவிடும்.

நுவரெலியாவில் என்ன நடக்கும்? ஆண்டுச் சராசரி சுமார் 16 பாகை. ஜனவரிப் பகலில் 20 பாகைக்கு அருகில் வெயில், விடியற்காலையில் சில மணிநேரம் மட்டும் புல்தரையில் உறைபனி. குளிருக்குப் பழக வேண்டிய வாரங்கள் நமக்குக் கிடைப்பதே இல்லை. குளிர்காலக் கோதுமையை விதைத்தால் பூப்பதற்கு வேண்டிய தொடர்ச்சியான குளிர் போதாமல் அது வெறும் புல்லாகவே நிற்கும். பூக்க நீண்ட குளிர் வேண்டாத வசந்தகாலக் கோதுமையை விதைத்தால் பூக்கும். ஆனால் கதிர் வெளிவந்த நிலையில் மைனஸ் மூன்று நான்கு பாகை உறைபனி ஒரே இரவில் அடித்தாலும் மகரந்தம் மலடாகிக் கதிர் பதராகிவிடும்.

ராகலை மைந்தன்:

தங்கச்சி, ரஷ்யாவில் விதையை ஈரமாக்கிக் குளிரில் வைத்து விதைத்தார்களே! நாமும் விதைக் கோதுமையைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒன்றரை மாதம் வைத்து எடுத்தால் அது குளிருக்குப் பழகிவிடும் அல்லவா? ஒவ்வோர் ஆண்டும் அப்படிச் செய்தால் சில தலைமுறைகளில் பிறவியிலேயே குளிர் தாங்கும் கோதுமை கிடைத்துவிடும். ஆய்வுகூடமும் வேண்டாம், மரபணு மாற்றமும் வேண்டாம்.

தலவாக்கலை ஆசிரியர்:

தம்பி, இதை உலகம் மிகப் பெரிய விலை கொடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டது. விதையைக் குளிரூட்டினால் கோதுமை காலத்தோடு பூக்கும் என்பது சரி. ஆனால் அந்தக் குணம் பிள்ளைகளுக்கும் போகும் என்று சோவியத் ஒன்றியத்தில் திரோஃபிம் லைசென்கோ என்ற வேளாண் நிபுணர் வாதாடினார், அரசும் அவர் பக்கம் நின்றது. மரபியலை மறுக்காத தாவரவியலாளர் நிக்கோலாய் வவிலோவ் 1940 இல் கைதானார். 1943 இல் சரத்தோவ் சிறையில் இறந்தார். உலகமெங்கும் அலைந்து விதைகளைத் திரட்டி, பஞ்சத்தை ஒழிக்க வேண்டும் என்று பாடுபட்டவர் அவர். சிறையில் உணவில்லாமல் நலிந்து இறந்தார். மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

குளிரூட்டியதன் பயன் ஒரு தலைமுறையோடு முடிகிறது. புதிய விதை உருவாகும்போது அந்த நினைவு அழிந்து, பயிர் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

பேராதனை மாணவி:

ஆசிரியர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ராகலை அண்ணா, குளிரூட்டிய விதை குளிரைத் தாங்கும் பயிராவதில்லை. பூக்கத் தயாரான பயிராகிறது. விஆர்என்-1 விழித்துவிட்டதால் அதன் குளிர்க்காப்பு முன்பைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

அதே சோவியத் ஒன்றியத்தில் நல்ல குளிர்காலக் கோதுமை இனங்களும் வந்தன. உக்ரேனில் வசில் ரெமெஸ்லோ உருவாக்கி 1963 இல் வெளியான மிரோனோவ்ஸ்காயா 808 கடுங்குளிர் தாங்கும் கோதுமைகளில் பெயர்பெற்றது. பெரும் பரப்பில் விளைந்தது. பல நாடுகளில் அதைத் தாயாக வைத்துக் கலப்பு செய்தார்கள்.

கோத்தகிரிக்காரன்:

நான் நீலகிரியிலிருந்து எழுதுகிறேன். பிறந்தது இங்கேதான், பெற்றோர் மஸ்கெலியாவில் கொழுந்து பறித்தவர்கள். இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்தின்படி இங்கே அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. உங்கள் மலையைப் போலவே எங்களுக்கும் தேயிலை, உருளைக்கிழங்கு, கரட், ஜனவரி உறைபனி எல்லாம் உண்டு. ஒரு வேறுபாடு, இங்கே கோதுமையும் இருக்கிறது. உமி எளிதில் பிரியாத சம்பா கோதுமை இம்மலையில் பழைய பயிர். வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் கோதுமைக்காகவே இயங்குகிறது.

அது ஏன் இந்த மலையில் இருக்கிறது தெரியுமா? துரு நோய்க்காக. சமவெளியில் கோடை வெயில் துருப் பூஞ்சையைக் கொன்றுவிடும். நீலகிரியில் ஆண்டு முழுவதும் குளிர்ந்த ஈரம் இருப்பதால் அது இங்கே பிழைத்துக்கிடந்து, காற்றில் ஏறி மற்ற மாநிலங்களுக்கும் போகிறது. புதிய இனங்களுக்குத் துரு எதிர்ப்பு உண்டா என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. உங்கள் மலையில் மழை இன்னும் அதிகம். உறைபனிக்கு மருந்து கண்டாலும் கோதுமையைத் துரு விடாது. ஆசையாகக் கேட்கிறீர்கள் என்பதால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

ராகலை மைந்தன்:

எல்லாரும் முடியாது, முடியாது என்றே எழுதுகிறீர்கள். கனடாவுக்கு ஓர் ஆய்வு, ஹங்கேரிக்கு ஓர் ஆய்வு. மலையகத்துக் கூலிக்காரன் என்ன சாப்பிடுவான் என்று எந்த ஆய்வுகூடம் கேட்டது? அவுஸ்திரேலியாவிலும் நம்மைப் போல ஓரிரவு உறைபனிதானே? அங்கே என்ன செய்தார்கள் என்று சொல்லுங்கள்.

பேராதனை மாணவி:

மிகச் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள் அண்ணா. நம் உறைபனிக்கு மிக நெருக்கமான உறவு அவுஸ்திரேலிய உறைபனிதான். அங்கே வசந்தகாலக் கோதுமையைக் குளிர்காலத்தில் வளர்க்கிறார்கள். ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை மேகமில்லாத, காற்றில்லாத இரவுகளில் நிலம் வெப்பத்தை இழக்கும்போது, கதிர் வெளிவந்த பயிரில் உறைபனி இறங்குகிறது. பகலில் மிதமான வெயில். பயிர் குளிருக்குப் பழகியிருக்காது.

அங்கே அரசும் விவசாயிகளும் சேர்ந்து பணம் போட்டுப் பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். ஒவ்வோர் இனத்தையும் பல திகதிகளில் விதைத்து, எந்த உறைபனி வந்தாலும் அந்த இனத்தின் ஒரு விதைப்பாவது பூக்கும் நிலையில் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, கதிர்களைப் பிரித்துப் பதரை எண்ணுகிறார்கள். இனங்களுக்கிடையே வேறுபாடு இருக்கிறது. ஆனால் கடும் உறைபனியில் பூக்கும் கோதுமை எதுவுமே தப்பியதில்லை. வாற்கோதுமையில் நிலைமை கொஞ்சம் மேல். பூக்கும் பருவத்தில் உதவும் இரண்டு இடங்கள் அதன் 2எச், 5எச் நிறமூர்த்தங்களில் கண்டறியப்பட்டிருக்கின்றன.

சிபிஎஃப் மரபணுவைச் செயற்கையாக எந்நேரமும் இயங்கும்படி செய்தாலும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. பயிர் குள்ளமாகிறது, பூப்பது தாமதமாகிறது. வராத குளிருக்காக எந்நாளும் சக்தியைச் செலவழித்தால் விளைச்சலுக்கு எதை ஒதுக்கும்?

உங்கள் கோபத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால் நான் அதைக் கோதுமையின்மேல் காட்ட மாட்டேன். நம் மலையில் உறைபனியால் உண்மையில் கெடுகிற பயிர் எது என்று கேட்டு, அதற்கான மரபியலைக் கேட்போம்.

பழைய கணக்கப்பிள்ளை:

மகளே, நீ சொல்வதில் ஒன்றை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பூக்கும் காலத்தை மாற்றுவதும் இனவிருத்திதான். உறைபனியைத் தாங்காவிட்டாலும் அதற்கு முன்போ பின்போ பூத்துவிட்டால் பயிர் தப்பிவிடும். வயலில் வேலை செய்தவனுக்கு அதுவே போதும்.

உறைபனி எங்கும் ஒன்றுபோல் இறங்குவதில்லை என்பதையும் புதியவர்கள் தெரிந்துகொள்ளட்டும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். தோட்டத்தில் எந்த மலையில் எந்த மூலையில் கொழுந்து கருகும் என்பது பழைய ஆட்களுக்கு அத்துப்படி. வானிலை நிலையத்துப் பெட்டி மனித நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. அதில் மூன்று பாகை காட்டும் இரவிலும் புல்நுனியில் பனிக்கட்டி இருக்கும். தினசரியில் வந்த எண்ணை வைத்துக்கொண்டு இனத்தைத் தெரிவு செய்தால் ஏமாந்துபோவீர்கள்.

பேராதனை மாணவி:

முற்றிலும் உண்மை ஐயா. பூக்கும் காலத்தைத் தீர்மானிக்கும் விஆர்என்-1, பகல்நீளத்தை உணரும் பிபிடி-1 ஆகியவற்றின் வடிவங்களைப் பொருத்தித்தான் அவுஸ்திரேலிய இனங்களைப் பூக்க வேண்டிய வாரத்தில் பூக்க வைக்கிறார்கள். இதுவரை அவர்களுக்கு அதிகம் கைகொடுத்தது அதுதான்.

கந்தப்பளை விவசாயி:

நல்லது. கோதுமையை விடுகிறேன். உருளைக்கிழங்கைப் பற்றிச் சொல்லு தங்கச்சி.

பேராதனை மாணவி:

இதற்காகத்தான் காத்திருந்தேன்.

நாம் நடும் உருளைக்கிழங்கு, கிரனோலா என்ற இனம் உட்பட, மைனஸ் மூன்று பாகைக்குள் செத்துவிடும். கோதுமையைப் போல அது குளிருக்குப் பழகவும் தெரியாதது. எத்தனை வாரம் குளிரில் வைத்தாலும் தாங்குதிறன் ஏறாது. அதனிடமும் சிபிஎஃப் மரபணுக்கள் இருக்கின்றன. எனவே கோதுமையிலிருந்து மரபணுவைக் கொண்டுவருவதால் மட்டும் வேலை நடக்காது. அந்த மரபணு கட்டளையிடும்போது கேட்டு நடக்கும் மற்ற மரபணுக்களும் வேண்டும்.

அவை அதன் காட்டு உறவினரிடம் இருக்கின்றன. தென்னமெரிக்காவின் சொலானம் கொமர்சோனி, பழகாத நிலையிலேயே மைனஸ் நான்கைத் தாண்டும். பழகினால் சுமார் மைனஸ் 10 வரை போகும். அன்டீஸ் மலையின் சொலானம் அகோலே இன்னொன்று. இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. பழகாமலே தாங்கும் திறனும், பழகி உயரும் திறனும் வெவ்வேறு மரபணுக்களின் வேலை என்று கொமர்சோனி கலப்புகளில் கண்டறிந்தார்கள். ஒன்றை விட்டு மற்றொன்றை எடுக்கலாம். பகல் வெயிலும் விடியல் உறைபனியும் உள்ள நமக்கு வேண்டியது முதலாவது. கனடாவுக்கு வேண்டியது இரண்டாவது.

எளிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நம் கிழங்கில் 48 நிறமூர்த்தங்கள், கொமர்சோனியில் 24. நேரடியாக மகரந்தம் சேர்த்தால் விதைக்குள் முளைக்கு உணவூட்டும் முளைசூழ்தசை வளராமல் கெட்டுப்போகும். சுவர் நீக்கிய உயிரணுக்களை ஆய்வுகூடத்தில் இணைத்துக் கலப்பினம் உண்டாக்கினார்கள். பிறகு நல்ல கிழங்கினத்தோடு திரும்பத் திரும்பக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் காட்டுக் கிழங்கின் கசப்பும் நச்சும் கூடவே வந்துவிடும். கொமர்சோனியின் மரபணு வரிசை 2015 இல் வெளியானதால், எந்த நாற்றில் வேண்டிய பகுதி இருக்கிறது என்பதை இன்று இலையிலிருந்தே பார்த்துவிடலாம்.

அன்டீஸ் விவசாயிகள் இந்த வேலையை ஆய்வுகூடம் இல்லாமலே ஒரு வழியில் முடித்திருக்கிறார்கள். அகோலேயின் இரத்தம் கலந்த கசப்புக் கிழங்குகளை உறைபனி மேட்டில் வளர்த்து, இரவில் உறையவிட்டு, மிதித்துப் பிழிந்து, வெயிலில் காயவைத்துக் கசப்பைப் போக்கி ஆண்டுக்கணக்கில் சேமிக்கிறார்கள்.

ராகலை மைந்தன்:

அப்படியானால் அந்தக் கலப்புகளை இங்கே கொண்டுவந்து சோதிக்க வேண்டும் என்று கேட்கலாமே. எங்கே கேட்பது?

தலவாக்கலை ஆசிரியர்:

சீதா எலியவில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் உருளைக்கிழங்கில் வேலை செய்கிறது. கன்னொருவையில் தாவர மரபு வளங்கள் நிலையம் இருக்கிறது. பெருவின் லிமாவிலுள்ள சர்வதேச உருளைக்கிழங்கு நிலையம் காட்டினங்களைப் பேணி, நாடுகளுக்கு நோயற்ற மாதிரிகளாகக் கொடுக்கிறது. வழி இருக்கிறது தம்பி. கமக்காரர் அமைப்புகள் எழுத்தில் கேட்க வேண்டும். இதுவரை நம் கடிதங்கள் எல்லாம் இழப்பீட்டுக்காகவே போயிருக்கின்றன. இழப்பீடு கேட்பது நியாயம்தான், அதோடு இதையும் கேட்போம்.

கோத்தகிரிக்காரன்:

பக்டீரியா ஒன்றால்தான் பனி பிடிக்கிறது என்று எங்கள் பக்கம் ஒருவர் மருந்து விற்கிறார். அது உண்மையா?

பேராதனை மாணவி:

பாதி உண்மை. தூய நீர் பூச்சியத்துக்குக் கீழே பல பாகை வரை உறையாமல் நிற்கும்; பனிக்கட்டி தொடங்க ஒரு கரு வேண்டும். இலையில் வாழும் சூடோமோனாஸ் சிரிங்கே என்ற பக்டீரியாவின் புரதம் அந்தக் கருவாகி, மைனஸ் இரண்டிலேயே உறைதலைத் தொடக்கிவிடும். அந்தப் புரதத்துக்கான மரபணுவை நீக்கிய பக்டீரியாவை 1987 இல் கலிபோர்னியாவில் ஸ்ட்ராபெரி, உருளைக்கிழங்கு வயல்களில் தெளித்துப் பார்த்தார்கள். மரபணு மாற்றிய பக்டீரியாவை அனுமதியோடு திறந்த வெளியில் விட்ட முதல் சோதனை அது. ஆனாலும் விவசாயி வாங்கும் பொருளாக அது ஒருபோதும் வரவில்லை. ஆகவே அந்தப் போத்தலில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். விற்பவர் சொல்ல மறுத்தால் வாங்காதீர்கள்.

கந்தப்பளை விவசாயி:

புதிய இனம் வரப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை விடியற்காலையில் தண்ணீர் தெளிப்பது சரியா?

பழைய கணக்கப்பிள்ளை:

சரி, ஆனால் இடையில் நிறுத்தக் கூடாது. நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம்தான் இலையைக் காக்கிறது. உறைதல் தொடங்குமுன் ஆரம்பித்து, வெயில் ஏறிப் பனிக்கட்டி உருகும்வரை தெளிக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஈரம் ஆவியாகி இலை முன்பைவிடக் குளிரும். தண்ணீர் போதாதென்றால் தொடங்காமல் இருப்பதே நல்லது. பாத்திக்கு இடையில் களையும் வைக்கோலும் இல்லாமல் மண்ணை ஈரமாக, இறுகலாக வைத்திருங்கள். பகல் வெப்பத்தை மண் பிடித்து இரவில் திருப்பிக் கொடுக்கும்.

பேராதனை மாணவி:

கந்தப்பளை அண்ணா, ஓர் உதவி வேண்டும். இனங்களைச் சோதிக்க வயல் உறைபனியை மட்டும் நம்ப முடியாது, அது இடத்துக்கு இடம் மாறும். எங்கள் பீடத்தில் இலைத்துண்டுகளைப் படிப்படியாக உறையவைத்து, கிழிந்த மென்சவ்விலிருந்து கசியும் உப்பை மின்கடத்துதிறனால் அளக்கலாம். ஆனால் எந்த வெப்பநிலை வரை உறையவைப்பது என்று முடிவெடுக்க நம் வயல்களின் இலை உயர வெப்பநிலை வேண்டும். இரவின் மிகக் குறைந்த வெப்பநிலையைக் காட்டும் இழிவு வெப்பமானி ஒன்றைப் பள்ளத்துப் பாத்தியிலும் இன்னொன்றை லீக்ஸ் நின்ற மேட்டிலும் இலை உயரத்தில், மேலே மூடியில்லாமல் வைப்பீர்களா? பெப்ரவரி முடியும்வரை காலைதோறும் இரண்டு எண்களையும், மேகம் இருந்ததா, காற்று வீசியதா என்பதையும் இந்த இழையிலேயே எழுதுங்கள்.

கந்தப்பளை விவசாயி:

வைக்கிறேன். மச்சானின் தோட்டம் பட்டிப்பொலவில் இருக்கிறது, அங்கே இன்னும் குளிர். அவரையும் எழுதச் சொல்கிறேன். வெப்பமானி இங்கே கடைகளில் கிடைக்கவில்லை, பேராதனையிலிருந்து அனுப்பினால் பணம் கொடுத்துவிடுகிறேன்.

ராகலை மைந்தன்:

எனக்கும் ஒன்று சேர்த்து அனுப்பு தங்கச்சி. சீதா எலியவுக்கு எழுதும் கடிதத்தை நான் எழுதத் தொடங்கிவிட்டேன். கொமர்சோனியின் முதல் வகைத் தாங்குதிறனைப் பற்றிய பகுதியை மட்டும் நீயே எழுதிக் கொடு.